வாயைப் பற்றி ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல

மவுத் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். அதோடு எந்தச் சொல் சேரும், எது சேராது என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் இலக்கணம் சரியாகவே இருக்கும், ஆனாலும் கேட்பவர் முழிப்பார். அதனால் சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், அது வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல்லோடு சேர்த்தே மனதில் ஏற்றுங்கள்.

டாக்டரிடம் பேசுவதிலிருந்து தொடங்குங்கள், தேவை அங்கேதான் அதிகம். காய்ச்சலில் வாய் கசந்தால் 'மை மவுத் இஸ் பிட்டர்' என்றுதான் வாயில் வரும்; ஆங்கிலேயர்கள் சொல்வது 'ஐ ஹேவ் எ பிட்டர் டேஸ்ட் இன் மை மவுத்'. வாய் நாற்றத்துக்கு மவுத்தே வராது, 'பேட் பிரெத்' என்றால் போதும். வாய் வறண்டால் 'டிரை மவுத்', வாய்ப்புண் 'மவுத் அல்சர்', சூடான காபி குடித்து மேலண்ணம் வெந்துபோனால் 'ஐ பர்ன்ட் தி ரூஃப் ஆஃப் மை மவுத்'. பல் டாக்டர் 'ரின்ஸ்' என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் சரி, 'கார்கிள்' என்றால் அண்ணாந்து தொண்டையில் களகளவென்று நிறுத்தித் துப்ப வேண்டும். குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சல் 'ஹேண்ட், ஃபுட் அண்ட் மவுத் டிசீஸ்'. பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுதும்போது முதலில் வரும் ஹேண்டை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் மாட்டுக்கு வரும் கோமாரி என்று ஆகிவிடும்; இரண்டும் வேறு வேறு வைரஸ்.

இதை மட்டும் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கமாகக் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் சொல்ல வேண்டியது: 'ஒன் சைட் ஆஃப் ஹிஸ் மவுத் இஸ் டிரூப்பிங், ஹிஸ் ஸ்பீச் இஸ் ஸ்லர்ட்'. எப்போது தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சிகிச்சை அந்த நேரத்தைப் பொறுத்தது.

அப்புறம் முக வர்ணனை. ஒருவருக்கு அகன்ற வாய் என்றால் 'வைட் மவுத்'. 'ஷீ ஹேஸ் எ பிக் மவுத்' என்றால் ரகசியம் தங்காத ஓட்டை வாய் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், அதனால் பாராட்ட நினைத்து அதைச் சொல்லிவிடாதீர்கள். கதைகளில் வரும் 'ஜெனரஸ் மவுத்' என்பதும் அகன்று, உதடு நிறைந்த வாய்தான், தாராள மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஃபுல் மவுத்' என்று முகத்தை வர்ணித்தால் தடித்த உதடு. அதையே திருப்பிப் போட்டு 'டோன்ட் டாக் வித் யுவர் மவுத் ஃபுல்' என்றால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே என்ற அதட்டல்.

எச்சில் ஊறினால் 'மை மவுத் இஸ் வாட்டரிங்', வாய் பிளந்து நின்றான் என்பதற்கு 'ஹிஸ் மவுத் ஃபெல் ஓபன்'. கெட்ட வார்த்தையே பேசுகிறவர் 'ஃபவுல் மவுத்ட்'. கைக்கும் வாய்க்குமாகப் பிழைப்பு ஓடுகிறது என்பது மட்டும் ஏறக்குறைய அப்படியே 'ஹேண்ட் டு மவுத்' என்று அங்கேயும் இருக்கிறது.

பழகுவதற்கு வழி எளிது. புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதி, உங்கள் வீட்டு ஆட்களை வைத்து இன்னொரு வாக்கியம் அமைத்து, அதை நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். ஆங்கிலச் செய்தித்தாள்களில் அது எங்குமே வரவில்லை என்றால் வேறு சேர்க்கையைத் தேடிப் பிடியுங்கள்.