லுக்ரீசியஸைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமக் கவிஞர் லுக்ரீசியஸின் ஒரே ஒரு வரியை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் நிறைய பேர். "இவ்வளவு பெரிய கொடுமைகளைச் செய்யவைக்க மதத்தால் முடிந்தது" என்பது அந்த வரி. அதை வைத்தே அவரை நாத்திகர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான்.

முதலில், அந்த வரி எங்கே வருகிறது என்று பாருங்கள். கிரேக்கக் கப்பல்கள் நல்லபடியாகப் புறப்பட வேண்டும் என்று மன்னன் அகமெம்னான் தன் மகளையே பலி கொடுக்கும் காட்சியின் முடிவில் வருகிறது. பலிபீடத்தருகே அப்பா துயரத்தோடு நிற்கிறார். பூசாரிகள் கத்தியை மறைத்து வைத்திருக்கிறார்கள். பயத்தில் வாயடைத்துப் போன பெண் முழங்கால் மடிந்து விழுகிறாள். அவனை முதன்முதலில் 'அப்பா' என்று அழைத்தவள் அவள். அதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. இதையெல்லாம் படித்த பிறகு அந்த வரிக்கு வந்தால், அது கோஷமாகக் கேட்காது, அழுகையாகக் கேட்கும்.

அப்புறம், 'மதம்' என்று நாம் எழுதும் இடத்தில் லத்தீனில் இருப்பது 'ரெலிகியோ'. கடவுள் தண்டிப்பாரே என்ற அச்சமும், அந்த அச்சம் மனிதனைக் கட்டிப்போடும் விதமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. வானிலிருந்து தலையை நீட்டி, கீழே நசுங்கிக் கிடக்கும் மனிதர்களை முறைத்துப் பார்க்கும் உருவமாகத்தான் லுக்ரீசியஸ் அதை வரைகிறார். அவருடைய சண்டை அந்தப் பார்வையோடுதான்.

தெய்வங்கள் இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் ஆசானாகக் கொண்ட கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸைப் போலவே, தெய்வங்கள் உண்டு, எங்கோ தொலைவில் நிம்மதியாக வாழ்கின்றன, நம்மைத் தண்டிப்பதும் இல்லை, நமக்குப் பரிசளிப்பதும் இல்லை என்கிறார். ஆறு பாகங்கள் கொண்ட அவருடைய நெடுங்கவிதை வீனஸ் தேவதையை அழைத்துத்தான் தொடங்குகிறது. ஐந்தாம் பாகத்தில் பக்தி எது என்றும் சொல்கிறார்: தலையை மூடிக்கொண்டு கல்லின் பக்கம் திரும்புவதோ, தரையில் விழுந்து கிடப்பதோ, பலிபீடத்தில் ரத்தம் தெளிப்பதோ பக்தியல்ல, எல்லாவற்றையும் அமைதியான மனத்தோடு பார்க்க முடிவதே பக்தி. ஆறாம் பாகத்தில், தெய்வங்களுக்குக் கோபம் உண்டு என்று நம்புகிறவனால் கோயிலுக்குக் கூட நிம்மதியாகப் போக முடியாது என்கிறார். கோயிலை வெறுக்கும் ஒருவர் இதை ஏன் சொல்லப் போகிறார்?

அவரை இன்றைய விஞ்ஞானியாக்குவதும் சரியில்லை. அணுக்களைப் பற்றிப் பாடினார், உண்மைதான். ஆனால் சூரியன் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் இருக்கும் என்றும் நம்பினார். இடி விழுவது ரோமர்களின் தலைமைத் தெய்வமான ஜூப்பிட்டரின் கோபம் என்றால், அவர் தன் கோயிலையே ஏன் இடிக்கிறார், ஆளில்லாத கடலில் ஏன் வீணாக்குகிறார் என்று லுக்ரீசியஸ் கேட்கிறார். பயந்துபோன மனிதனை ஆற்றுவதற்காகவே இந்தக் கேள்விகள்.

காதல் மருந்து குடித்துப் பைத்தியமாகி, தற்கொலை செய்துகொண்டார் என்ற கதையை நம்பி விடாதீர்கள். கிறிஸ்தவத் துறவி ஜெரோம் 400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியது அது.

கடைசியாக ஒன்று: வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காட்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டாம் பாகத்தில், ஒரே இனத்து உயிர்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்று காட்ட ஒரு பசுவைக் கொண்டுவருகிறார். அதன் கன்றைச் சாம்பிராணிப் புகைக்கு நடுவே பலி கொடுத்துவிட்டார்கள். பசு குளம்படித் தடங்களைத் தேடிக் காடெல்லாம் அலைகிறது, கதறுகிறது, திரும்பத் திரும்பத் தொழுவத்துக்கு வந்து பார்க்கிறது. பனி படிந்த புல்லும், கரை நிறைந்து ஓடும் ஆறும், மேயும் மற்றக் கன்றுகளும் அதைத் தேற்றவில்லை. அது தேடுவது தன் கன்றை.