எட்டடி முற்றத்துக்கு எந்தச் செடி?

மே மாதம் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வரும் வழியில் மட்டும் செடி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் படிப்படியாக அடுக்கியிருந்த பெட்டூனியாவைப் பார்த்த மயக்கத்தில், வழியில் ஒரு நர்சரியில் பன்னிரண்டு தொட்டி. ஜூனில் மழை பிடித்தது. பத்தே நாளில் பூவெல்லாம் ஊறிப்போய்த் தண்டோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் மலையூர் வீட்டின் பின்முற்றம் எட்டடிக்குப் பத்தடி. தரை முழுக்க சிமெண்ட், மூன்று பக்கமும் சுவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் காட்சி. இப்படி ஓர் இடம் உங்களிடமும் இருந்தால், செடிக்கு முன்னால் வெயிலைப் பாருங்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று என்று வெயில் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்களுக்கு ஒரே ஒரு மூலையில்தான் நான்கு மணி நேரம் வெயில். மற்றதெல்லாம் நிழல்.

வெயில் மூலைக்கு ஜெரேனியம். இரண்டு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாண் தண்டு கேளுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டிய முனையை ஒரு நாள் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும். சிவப்பும் வெள்ளையும் கேட்டு வாங்குங்கள். மூடுபனி இறங்கிய மத்தியானத்தில் ஊதாப் பூ சாம்பலோடு சாம்பலாகிவிடும், சிவப்பு தெரியும். அந்தி சாய்ந்ததும் அந்தச் சிவப்பும் கறுத்துவிடும், வெள்ளை மட்டும் நிற்கும்.

நிழலுக்கு ஃபுஷியா, பிகோனியா, பெரணி, அப்புறம் ஹைட்ரேஞ்சியா. இதில்தான் ஒரு வேடிக்கை. குன்னூரில் அம்மா வீட்டில், தேயிலை ஓரம் நீலமாகப் பூத்துக் கிடந்த செடியிலிருந்து தண்டு கொண்டுவந்து வைத்தேன். இங்கே ரோஸ் நிறத்தில் பூத்தது. “நீ வேற எங்கேயோ ஒடிச்சிருப்பே” என்றாள் அம்மா. செடி அதேதான், மண்தான் வேறு. மண் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருந்தால் அதிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சும், பூ நீலமாகும். புளிப்பு குறைந்தால் ரோஸ். நான் தொட்டியில் நிரப்பியது சுவர் பூசியபோது சிமெண்டும் சுண்ணாம்பும் சிந்திய மண். அதைக் கொட்டிவிட்டு, தேயிலை மண்ணும் இலைமக்கும் பாதிக்குப் பாதி போட்டேன். அடுத்த வருடம் ஊதா, அதற்கடுத்த வருடம் நீலம். நிறம் மாறுகிறதா என்று அம்மா வாராவாரம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை வகை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

பூ கொட்டிக் கிடக்கும் செடியை நர்சரியில் எடுக்காதீர்கள். மொட்டு நிறைய இருப்பதாக, அடி இலை மஞ்சளாகாததாகப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி, கீழ் ஓட்டை வழியே வேர் கொத்தாகத் தொங்கினால் வாங்காமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தொட்டி விஷயத்தில் என் கணக்கு இது: ஹைட்ரேஞ்சியாவுக்குப் பெரிய மண் தொட்டி, அது வைத்த இடத்திலேயே இருக்கட்டும். ஃபுஷியாவுக்கும் பிகோனியாவுக்கும் ஒரு கையால் தூக்குகிற தொட்டி. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் இரவுகளில் உறைபனி விழும். அன்று சாயங்காலமே இவற்றை ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நகர்த்த வேண்டும். தூக்க முடியாததற்கு நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கைப் போர்த்துங்கள். எல்லாத் தொட்டிக்கும் அடியில் அரைச் செங்கல் மூன்று வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் வடியாது, தரையில் பாசி பிடித்து நாம்தான் வழுக்கி விழுவோம்.

சுவர் மேல் வரிசையாகத் தொட்டி வைக்க ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. மூன்று தொட்டி வைத்தோம். குரங்குகள் ஒரே காலையில் மூன்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டன.