மருத்துவ புத்தர் சிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீல உடலைக் கண்டதும் மருத்துவ புத்தர் என்று முடிவு கட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அக்ஷோப்ய புத்தரும் நீல நிறத்தவர்தான். நிறத்தை நம்பாமல் கைகளைப் பாருங்கள். திபெத்திய, நேபாள மரபில் பைஷஜ்யகுரு என்னும் மருத்துவ புத்தரின் இடக்கை மடியில் மருந்துக் கிண்ணத்தைத் தாங்கியிருக்கும். வலக்கை முழங்காலின் மேல் உள்ளங்கை வெளியே தெரிய நீண்டு, கடுக்காயை ஏந்தியிருக்கும். மாலையில் கடுக்காய் உண்ணச் சொல்லும் மருத்துவ மரபில் வளர்ந்த நாமே அந்தக் காயை ஏதோ பூ என்று கடந்து போவது வருத்தத்துக்குரியது.

அதற்காக, கடுக்காய் இல்லாத சிலையெல்லாம் பிழையானது என்று ஒதுக்கவும் கூடாது. ஜப்பானின் நாரா நகரில் உள்ள யாகுஷிஜி, நோயுற்ற அரசிக்காகப் பேரரசர் தென்மு 680-இல் நேர்ந்துகொண்ட கோயில். அங்குள்ள வெண்கல மருத்துவ புத்தர் வலக்கையை உயர்த்தி அபயம் காட்டுகிறார். கையில் மருந்துக் குடுவைகூட இல்லை.

சிலையை வைத்தால் நோய் தீரும், சிகிச்சை தேவையில்லை என்று நம்புவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த புத்தர் ஏற்ற பன்னிரண்டு உறுதிமொழிகளில் ஏழாவது, மருத்துவரோ மருந்தோ உற்றாரோ இல்லாமல் நோயில் தவிப்பவர்களுக்கானது. மருத்துவர் இல்லாமையை ஒரு துயரமாகவே அது பார்க்கிறது. 1696-இல் திபெத்தின் லாசாவில் எழுந்த சக்போரி மருத்துவக் கல்லூரியில் படித்த துறவிகள் இவரை வழிபட்டபடியே நாடி பார்க்கவும் மூலிகை அறியவும் கற்றார்கள். ஆசை, வெறுப்பு, அறியாமை என்னும் மூன்று நஞ்சுகளுக்கும் அவர் மருந்து தருகிறார் என்பது உண்மைதான். உடல் நோய்க்கான மருந்தை அந்த மரபு ஒருபோதும் கைவிட்டதில்லை.

அடுத்து, பராமரிப்பு. நேபாளத்தின் பாடன் நகரில் நேவார் இனக் கைவினைஞர்கள், நம் சுவாமிமலை சிற்பிகளைப் போலவே, மெழுகில் உருச்செய்து மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அதன்பின் உளியால் செதுக்கி, பொன்முலாம் பூசுகிறார்கள். பல சிலைகளில் முகத்துக்குப் பொன்பொடியும் கூந்தலுக்கு நீல வண்ணமும் கடைசியில் தூரிகையால் தீட்டப்படுகின்றன. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் அந்த முகம் போய்விடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

அடிப்பகுதி செப்புத் தகட்டால் மூடியிருந்தால் நெம்பித் திறக்காதீர்கள். உள்ளே மந்திரச் சுருள்களும் மூலிகைகளும் வைத்து மூடிப் பிரதிஷ்டை செய்திருப்பார்கள்.

'மிகப் பழமையானது' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். நேபாளக் கோயில்களிலிருந்து திருடுபோன சிலைகள் ஏராளம். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல அங்கே தடை உண்டு. புதிய சிலையையே வாங்குங்கள். அது பழம்பொருள் அல்ல என்பதற்கான நேபாளத் தொல்லியல் துறையின் சான்றையும் கேட்டுப் பெறுங்கள்.