சுரங்கப்பாதைச் சாய்தளம்: என் அனுபவம்

ரயில் நிலையத்தில் நடைபாதைச் சுரங்கம் கட்டும் வேலையை மேற்பார்த்தேன். தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் பெட்டியை ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தள்ளியபோது ரயில்கள் ஊர்ந்து போயின. அந்தக் கட்டம் நல்லபடியாக முடிந்தது. சாய்தளத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

இறங்க வேண்டிய ஆழம் 4 மீட்டர். 1:12 சரிவு, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம் என்றால், 48 மீட்டர் நீளம் வேண்டும். நடுவே நின்று மூச்சு வாங்கும் சமதளங்கள் தனிக்கணக்கு. இடமோ 40 மீட்டர்தான். அதனால் வரைபடத்தில் 1:8 என்று போட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்றிப் பாருங்கள், கை விட்டுப்போகும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாய்தளத்தை நடுவில் மடித்துத் திருப்பினோம், 1:12 கிடைத்தது. செலவு கூடியது, கூடட்டும்.

அப்புறம் மழை. தெருத் தண்ணீர் உள்ளே ஓடியது. வாசலை 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இருபுறமும் மெல்லச் சரித்து, குறுக்கே வடிகால் போட்டோம். தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் தன் நாற்காலியில் வந்து பார்த்தார். முன்சக்கரம் வடிகால் மூடியின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. கம்பிகள் நடக்கும் திசையிலேயே இருந்தன! அன்றே மூடிகளைக் கழற்றி, கம்பிகள் குறுக்காக வரும்படி, விரல்கூட நுழையாத இடுக்கோடு வேறு செய்யச் சொன்னேன். மறுவாரம் அவரே வந்து ஏறி இறங்கிப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.