கடலும் அடுப்பங்கரையும் போதும்: சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் அறிவியல் சொல்லித் தரும் முறை

நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பள்ளியில் அறிவியல் படித்தது மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் சயின்ஸ் கிட் எதுவும் வேண்டாம். குமரி மாவட்டத்தில் இருக்கிறோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் உப்பளம், ரப்பர் தோட்டம், காற்றாலை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் படம் போட்ட புத்தகத்தில் மட்டும் அறிவியலைக் காட்டுவது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் ஒரு முறையைப் பழகிக்கொள்ளுங்கள். கீழே உள்ள எல்லாச் சோதனைக்கும் இதுதான் அடிப்படை.

செய்வதற்கு முன்னால் "என்ன ஆகும்னு நினைக்கே?" என்று கேளுங்கள். பிள்ளை ஏதாவது ஒரு பதில் சொல்லும்வரை கை வைக்காதீர்கள். சொன்ன பதிலை நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். அப்புறம் செய்து பாருங்கள். நடந்ததைப் பிள்ளையே சொல்லட்டும். ஊகம் தப்பாகப் போனால் "பாத்தியா, தப்பு" என்று சொல்லவே கூடாது. "ஏன் இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஊகம் தப்பிய பிள்ளைதான் அடுத்த தடவை இன்னும் கூர்ந்து பார்க்கும். விளக்கத்தை முந்திக்கொண்டு கொட்டிவிடும் பழக்கம் பெரியவர்களுக்கு நிறைய உண்டு. ஆவியாதல், அடர்த்தி போன்ற பெயர்களெல்லாம் கடைசியில் வந்தால் போதும்.

தேவையான பொருட்கள்: ஒரு நோட்டு, பென்சில், ஒரு அடி ஸ்கேல், சின்ன லென்ஸ் ஒன்று. மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவை.

கடல் தண்ணீரிலிருந்து உப்பு

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். நாட்கணக்கில் நீளும் சோதனை. பிள்ளை தினமும் போய்ப் பார்க்கும், அந்தப் பொறுமைதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் நன்றாக இருக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு என்பதால் ஜூனிலோ அக்டோபரிலோ தொடங்கினால் தட்டில் மழைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

1. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று உங்களுக்குப் பக்கமான கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். பிள்ளை மணலில் நிற்கட்டும். நம் கடல் அமைதியான கடல் இல்லை. கள்ளக்கடல், அதாவது திடீரென்று கரையேறி வரும் பெரிய அலை, எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2. வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். மணலும் பாசியும் துணியில் நிற்கும். "உப்பும் துணியில நின்னிருக்குமா?" என்று இங்கேயே கேட்டுப் பாருங்கள்.

3. ஒரு அகலமான எவர்சில்வர் தட்டிலும் ஒரு தம்ளரிலும் ஒரே அளவு, ஆளுக்கு 200 மில்லி, ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பு அரித்துவிடும்.

4. இரண்டையும் மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காக்கை வாய் வைக்காமல் இருக்கக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டுங்கள்.

5. இப்போது ஊகம். "மக்களே, எது முதல்ல வத்தும்?"

பெரும்பாலும் "ரெண்டுலயும் ஒரே அளவுதானே, ஒண்ணா வத்தும்" என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். நல்ல பதில். எழுதி வையுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். தட்டில் தண்ணீர் சீக்கிரம் குறையும், தம்ளரில் மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்து. தட்டில் வெயிலும் காற்றும் படும் இடம் அதிகம். தட்டின் அடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும் நேரத்தைத் தவற விடாதீர்கள். அப்போது லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தால் மூலை மூலையாக, சின்னச் சதுரங்கள் தெரியும். சில சதுரங்களின் நடுப்பகுதி குழிந்து படிக்கட்டு மாதிரி இறங்கும். அதுதான் உப்புப் படிகம். சமையல் உப்பை லென்ஸில் பார்த்தாலும் இதே சதுர வடிவம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிள்ளை தானாகவே "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும் அந்த நொடிக்காகக் காத்திருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அப்படியென்றால் 200 மில்லியில் சுமார் 7 கிராம், தேக்கரண்டியில் குவித்து எடுத்த அளவு. இதைச் சாப்பாட்டில் போட வேண்டாம். கடலில் சாதாரண உப்போடு மெக்னீசிய உப்புகளும் இருக்கின்றன. அவை கடைசியில் படிபவை, கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். உங்கள் தட்டு எவ்வளவு காய்ந்தும் பிசுபிசுப்பாகவே இருந்தால் காரணம் இதுதான். உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்து விடுவதும் இதற்காகத்தான்.

சோதனை முடிந்த வாரம் புத்தளம், சாமித்தோப்பு பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். பாத்தி கட்டி, தண்ணீரை ஆழமில்லாமல் அகலமாக நிறுத்தியிருப்பதைப் பிள்ளையே கவனிக்கும். தட்டா, தம்ளரா என்ற கேள்விக்கு விடை அங்கே ஏக்கர் கணக்கில் கிடக்கும்.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளை என்றால் இன்னொரு படி. பழையாறு கடலில் சேரும் மணக்குடி பொழிமுகத்தில் ஒரு பாட்டில், சொத்தவிளையில் ஒரு பாட்டில். ஒரே மாதிரி இரண்டு தட்டு, ஒரே அளவு, ஒரே இடம். தண்ணீர் மட்டும்தான் வேறு. எதில் உப்பு அதிகம் மிஞ்சும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கை இந்தச் சோதனை போல வேறெதுவும் பிள்ளை மனதில் பதிய வைப்பதில்லை.

முட்டை எப்போது மிதக்கும்?

இது பத்து நிமிட வேலை. ஒரு பெரிய தம்ளரில் சாதாரணத் தண்ணீர், உள்ளே புது முட்டை. மூழ்கும். கடல் தண்ணீரில் போட்டால்? "மிதக்கும்" என்று பிள்ளை அடித்துச் சொல்லும். புது முட்டை அதிலும் பெரும்பாலும் மூழ்கத்தான் செய்யும். இப்போது சாதாரணத் தண்ணீரில் ஒவ்வொரு கரண்டியாக உப்பைப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது கரண்டியில் முட்டை எழும்புகிறது என்று பிள்ளை எண்ணட்டும். உப்புக் கூடக் கூடத் தண்ணீரின் அடர்த்தி கூடும், முட்டையைத் தாங்கும் அளவு வந்ததும் அது மேலே வரும். பழைய முட்டை வேண்டாம். அதன் உள்ளே காற்று சேர்ந்திருப்பதால் வெறும் தண்ணீரிலேயே எழும்பி, கணக்கைக் கெடுத்துவிடும்.

சங்குப்பூவும் மஞ்சளும்

வேலியோரம் படர்ந்து கிடக்கும் நீலச் சங்குப்பூவில் ஒரு கைப்பிடி பறித்து வரச் சொல்லுங்கள். காம்பையும் பச்சைப் பகுதியையும் நீக்கிவிட்டு வெந்நீரில் போட்டு மூடுங்கள். ஆறியதும் நல்ல நீலத் தண்ணீர் கிடைக்கும். அதை நான்கைந்து கிண்ணங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு: நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும். ஒன்றில் ஆப்ப சோடா: பச்சை கலந்த நீலம். ஒரு கிண்ணத்தை ஒன்றும் கலக்காமல் அப்படியே வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். பிறகு பிள்ளையை அடுக்களையில் விட்டுவிடுங்கள். புளித் தண்ணீர், மோர், சோப்புத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று அதுவே தேடி எடுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஊகம், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வண்ணப் பொட்டு. புளிக்கும் பொருளெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்வதைப் பிள்ளையே பார்த்துவிடும்.

இதே வேலையை மஞ்சளும் செய்யும். வெள்ளைத் தாளில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காயவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டால் சிவக்கும். ஆரத்தி சிவப்பாக இருப்பது சுண்ணாம்பு சேர்வதால்தான் என்பதை அப்போது சொல்லலாம். சுண்ணாம்பை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. நீங்களே வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளியளவு தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் செய்து காட்டுங்கள்.

அக்கானி (பதநீர்) குடிக்கும் வீடு என்றால் இன்னொரு கதையும் இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்க வைத்து கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. பனையேறுபவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடமே பிள்ளையைக் கேட்க விடுங்கள். நாம் சொல்வதைவிட அவர் சொன்னால் நன்றாகப் பதியும்.

குலசேகரம், திருவட்டார் பக்கத்துப் பிள்ளைகள் ரப்பர் ஷீட் காய்வதைப் பார்த்தே வளர்கிறார்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் அருகில் பிள்ளையை விட வேண்டாம். அதற்குப் பதில் சூடான பசும்பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவிட்டுத் துணியில் வடித்துக் காட்டுங்கள். அமிலம் சேர்ந்ததும் பாலில் மிதந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது கண்ணுக்குத் தெரியும்.

கருமணலும் காந்தமும்

மணவாளக்குறிச்சி கடற்கரையிலேயே செய்ய வேண்டியது. வலுவான காந்தம் ஒன்றை, பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பது போல, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டி, காய்ந்த கருமணலில் உருட்டுங்கள். கறுப்பு மணிகள் உறையில் ஒட்டி வரும். வெள்ளை மணிகள் ஒட்டாது. ஒட்டுவதில் இரும்பு கலந்த இல்மனைட் என்ற கனிமம் நிறைய. மலைப் பாறைகள் கரைந்து ஆற்றில் வந்த மணலை அலை புடைத்து, கனமானதை ஒதுக்கி வைத்திருக்கிறது. சாதாரண ஃபிரிட்ஜ் காந்தத்துக்கு இந்த வலு போதாது. காந்தம் எப்போதும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும், சின்னக் காந்தத்தைப் பிள்ளை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து. இந்த மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் சேர்ந்த மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். ஆகவே வீட்டுக்கு எடுத்து வராமல் அங்கேயே போட்டுவிட்டுக் கை கழுவிக் கிளம்புங்கள்.

ஓலைக் காற்றாடி

தென்னோலையில் காற்றாடி செய்ய வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியும், அவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வேலை கேள்வி கேட்பது மட்டும். காற்றுக்கு நேராகப் பிடித்தால் எப்படிச் சுற்றுகிறது, பக்கவாட்டில் பிடித்தால் எப்படி? தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் போகும்போது முப்பந்தல் காற்றாலைகள் எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்று பஸ் ஜன்னலில் பார்க்கச் சொல்லுங்கள். மலைக்கு நடுவே உள்ள இடைவெளியில் காற்று நெருங்கிப் பாய்வதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள்.

நிழல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவே இல்லை, ஆனால் நேரம் தவறாமல் செய்ய வேண்டும். சமமான முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாம் பார்ப்பது தரையை மட்டும்.

நிழல் எப்போது மிகக் குட்டையாகும் என்று கேட்டால் எல்லாருமே "பன்னிரண்டு மணிக்கு" என்பார்கள். கல்லை அளந்து பார்த்தால் அப்படி வராது. நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது; நாம் அதற்கு மேற்கே சுமார் ஐந்து பாகை தள்ளி இருக்கிறோம். அதனால் நமக்கு உச்சி வேளை சராசரியாக 12:20. நவம்பர் தொடக்கத்தில் 12:05 ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12:35 ஒட்டியும் வரும். சின்னப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டாம், "நம்ம ஊர் உச்சி கொஞ்சம் பிந்தி வருது" என்றால் போதும்.

இதை மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். டிசம்பரில் உச்சி நிழல் வடக்கே விழும். மே மாதம் பார்த்தால் தெற்கே விழும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விட்டது என்று பெரியவர்களே நம்ப மாட்டார்கள், குச்சியைக் காட்ட வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் நிழலே விழாத நாள் ஒன்று வரத்தானே வேண்டும்? அந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே விடுங்கள், விடையைக் குச்சி சொல்லும். நம் மாவட்டத்துக்கு அது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் 10 முதல் 12 வரையும், ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 2 வரையும், ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின்னாக. அன்றைக்கு 12:15-க்கே முற்றத்துக்கு வந்துவிடுங்கள். குச்சியோடு ஒரு செம்பையும் கவிழ்த்து வையுங்கள், சுற்றிலும் நிழல் காணாமல் போவது அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். வானம் மூடியிருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட வராது.