விமான விதிப்புத்தகத்தின் வரையறைகளைப் படிப்பது எப்படி: மதுரையிலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கத்திலிருந்து விமானத் துறை வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கிரவுண்ட் ஸ்டாஃப், கேபின் க்ரூ, டிஸ்பேச்சர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கு. விதிப்புத்தகத்தைத் திறந்ததும் பாதிப் பேர் முதல் அத்தியாயமான வரையறைகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மீதிப் பேர் அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். நேர்காணலில் ஒரு சம்பவத்தைச் சொல்லி "இது எதில் வரும்?" என்று கேட்டால் இரண்டு தரப்பும் தடுமாறும்.

வரையறையைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது? யாருக்குப் பொருந்தும்? அளவு ஏதாவது சொல்லியிருக்கிறதா? எதை வெளியே தள்ளுகிறது? இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் மனப்பாடமே தேவையில்லை.

படி 1: எந்தப் புத்தகம் என்று பாருங்கள்

சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளுக்கு அடித்தளம் 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை. அதை நடத்துவது மாண்ட்ரியலில் இருக்கும் ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. உடன்படிக்கைக்கு 19 இணைப்புகள் உண்டு. தொடக்கத்தில் உங்களுக்கு மூன்று போதும்: விமானத்தை இயக்குவது பற்றிய 6-ஆம் இணைப்பு, விபத்து விசாரணை பற்றிய 13, பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19.

இந்தியாவில் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றாட வேலைக்கு நாம் புரட்டுவது விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிடும் 'சிஏஆர்' என்ற விதித் தொகுப்பை. விமானப் பணியாளர் தகுதியும் பணி நேரமும் 7-ஆம் பிரிவில், விமான இயக்கம் 8-ஆம் பிரிவில். டிஜிசிஏ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

படிக்கும்போது வினைச்சொல்லையும் கவனியுங்கள். ஐகாவோ ஆவணத்தில் 'ஷல்' என்று வந்தால் அது கட்டாயத் தரம், 'ஷுட்' என்று வந்தால் பரிந்துரை. ஒரே சொல்லுக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு வரையறை இருப்பதும் உண்டு. நீங்கள் படிக்கிற விதி எந்த ஆவணத்தில் இருக்கிறதோ, அதன் வரையறைதான் அங்கே செல்லும்.

படி 2: ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'க்ரூ மெம்பர்' என்பது பெரிய வட்டம். அதற்குள் உரிமம் பெற்று விமானத்தை இயக்குபவர்கள் 'ஃப்ளைட் க்ரூ', பயணிகளின் பாதுகாப்புக்காகப் பணியமர்த்தப்பட்டவர்கள் 'கேபின் க்ரூ'. கேபின் க்ரூ ஃப்ளைட் க்ரூவில் சேர மாட்டார்கள். பேச்சுவழக்கில் எல்லோரும் க்ரூதான், தேர்வுத்தாளில் அப்படி இல்லை.

'பைலட் இன் கமாண்ட்' என்பவர் அந்தப் பயணத்துக்குப் பொறுப்பாளராக நிறுவனம் நியமித்தவர். கட்டுப்பாட்டைக் கையில் வைத்து ஓட்டுபவர் 'பைலட் ஃப்ளையிங்', கருவிகளையும் ரேடியோவையும் பார்த்துக்கொள்பவர் 'பைலட் மானிட்டரிங்'. மதுரைக்கு வரும்போது துணை விமானி தரையிறக்கினாலும் பொறுப்பு பைலட் இன் கமாண்டிடமே இருக்கும்.

அப்புறம், சீருடையோடு பயணி இருக்கையில் உட்கார்ந்து வருபவரைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் அடுத்த விமானத்தில் ஏறிப் பணி செய்ய மதுரையிலிருந்து அனுப்பப்படுபவராக இருக்கலாம். அதற்குப் பெயர் 'பொசிஷனிங்'. அந்த விமானத்தில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நேரம் அவருடைய பணிக்கணக்கில் ஏறும்.

படி 3: நேரத்தின் இரண்டு முனைகளையும் குறியுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை–சென்னை காலை விமானம் ஒன்று, கணக்குக்காக நாமே வைத்துக்கொள்ளும் நேரங்கள்:

5.10 – விமானிகள் பணிக்கு வந்து பதிவு செய்கிறார்கள்
6.10 – புறப்படுவதற்காக விமானம் முதன்முதலாக நகர்கிறது
6.20 – சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது
7.25 – சென்னையில் சக்கரம் தரை தொடுகிறது
7.35 – நிறுத்துமிடத்தில் நின்று எஞ்சின் அணைக்கப்படுகிறது
7.50 – மீதி வேலையை முடித்துக் கிளம்புகிறார்கள்

'ஃப்ளைட் டைம்' எவ்வளவு? பலர் 6.20 முதல் 7.25 வரை என்று ஒரு மணி 5 நிமிடம் எழுதுவார்கள். தவறு. புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதலில் நகரும் நொடியில் தொடங்கி, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும் நொடி வரைதான் ஃப்ளைட் டைம். ஆகவே 1 மணி 25 நிமிடம். தரையில் ஊர்ந்து போகும் நேரமும் இதில் அடக்கம்.

'ஃப்ளைட் டியூட்டி பீரியட்' பணிக்கு வந்ததிலிருந்து கணக்காகிறது. கடைசிப் பயணம் முடிந்து, விமானம் நின்று, எஞ்சின் அணையும்வரை. அது 2 மணி 25 நிமிடம். 'டியூட்டி பீரியட்' 7.50 வரை நீளும், 2 மணி 40 நிமிடம். ஒரே காலைப்பொழுதுக்கு மூன்று கணக்கு. ஒரு விமானி 365 நாளில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பு இதில் முதல் கணக்கைப் பார்க்கிறது, அன்றைய பணி நேர வரம்பு இரண்டாவதைப் பார்க்கிறது.

2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தானபோது 'எஃப்டிடிஎல்' என்ற எழுத்துகள் செய்திகளில் ஓடிக்கொண்டே இருந்தன அல்லவா? விமானிகளின் பறக்கும் நேரம், பணி நேரம், ஓய்வு பற்றிய விதி அது. புதிய விதியில் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'இரவு' என்பதன் வரையறை. முன்பு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, புதிய விதியில் 6 வரை. அந்த ஒரு மணி நேரம் கூடியதால், அதுவரை காலைப்பணியாக இருந்த எத்தனையோ பணிகள் இரவுப்பணிக்கான கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிட்டன. வரையறையில் ஒரே ஓர் எண் மாறினால் பணிப்பட்டியல் முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

படி 4: 'விபத்து' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இதை நிதானமாகச் செய்யுங்கள். நான்கு கேள்விகளும் ஒன்றாக வேலை செய்யும் இடம் இது.

13-ஆம் இணைப்பின்படி காலம் எது? பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து, அப்படி ஏறிய எல்லோரும் இறங்கும்வரை. அந்த நேரத்துக்குள் மூன்றில் ஒன்று நடந்தால் அது 'ஆக்சிடெண்ட்': ஒருவர் இறப்பது அல்லது பலத்த காயமடைவது, விமானத்தின் கட்டுமான வலிமையோ பறக்கும் திறனோ கெட்டு, பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படுவது, விமானம் காணாமல் போவது அல்லது நெருங்கவே முடியாத இடத்தில் கிடப்பது.

அளவு என்ன? காயம்பட்டு 30 நாளுக்குள் இறந்தால் அது உயிரிழப்புக் கணக்கு. 7 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் இருக்க நேர்ந்தால் பலத்த காயம். எலும்பு முறிவும் பலத்த காயம்தான், ஆனால் விரல், கால்விரல், மூக்கு எலும்பின் சாதாரண முறிவு சேராது. இரண்டாம், மூன்றாம் நிலைத் தீக்காயமும் இதில் வரும்.

ஆள் எங்கே இருந்திருக்க வேண்டும்? விமானத்துக்குள், அல்லது விமானத்தின் ஏதாவது ஒரு பாகத்தோடு நேரடித் தொடர்பில், அல்லது ஜெட் எஞ்சின் வீசும் காற்றின் பாதையில்.

விலக்கு எது? இயற்கையாக வந்த நோய், தனக்குத்தானே செய்துகொண்டது, இன்னொருவர் தாக்கியது.

சரி, இப்போது மதுரை நிலையத்தில் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்பக்கக் கதவு அப்படியே கீழே சாய்ந்து படிக்கட்டாகிவிடும். ஒரு பாட்டி கையில் பையோடு இறங்குகிறார். மூன்றாவது படியில் கால் வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிகிறது. பின்னால் இன்னும் நாற்பது பேர் இறங்கக் காத்திருக்கிறார்கள்.

காலம்: எல்லோரும் இறங்கி முடியவில்லை, எல்லைக்குள்தான். இடம்: ஏடிஆரின் படிக்கட்டு கதவோடு சேர்ந்த விமானப் பாகம், அதனால் நேரடித் தொடர்பு உண்டு. காயம்: கணுக்கால் முறிவு விலக்குப் பட்டியலில் இல்லை. விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் வரையறைப்படி இது விபத்து.

அதே பாட்டிக்குக் கால்விரல் மட்டும் முறிந்து, கட்டுப்போட்டு அன்றே வீட்டுக்குப் போய்விட்டால்? விபத்து ஆகாது. படியிலிருந்து இறங்கி, முனையக் கட்டிடத்தை நோக்கி நடக்கும்போது தரையில் விழுந்து கணுக்கால் முறிந்தால்? விமானத்தோடு தொடர்பு விட்டுப்போயிற்று, இதுவும் ஆகாது. ஏ320 விமானத்துக்குத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்து வைக்கும் படிக்கட்டில் விழுந்தால்? அந்தப் படிக்கட்டு விமானத்தின் பாகம் இல்லை, எனவே கேள்வி மாறுகிறது. நடுவானில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அது இயற்கை நோய், விலக்கில் போகும்.

இந்த வகைப்பாட்டைத் தீர்மானிப்பது நிறுவனம் அல்ல. இந்தியாவில் விபத்துகளை விசாரிக்க 2012-இல் ஏஏஐபி என்ற தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி நடக்காமல் தடுப்பது, யார் மேல் குற்றம் என்று சொல்வது அல்ல என்று 13-ஆம் இணைப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. நேர்காணலில் இந்த வரியைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

விபத்து அளவுக்குப் போகாமல் பாதுகாப்பைப் பாதித்தது அல்லது பாதித்திருக்கக்கூடியது 'இன்சிடெண்ட்'. மயிரிழையில் விபத்து தவறியது 'சீரியஸ் இன்சிடெண்ட்'.

படி 5: ஓடுபாதையை நான்கு நீளமாகப் பாருங்கள்

மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று எழுதியிருக்கும். காந்தத் திசை 90, 270 டிகிரி, கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுவார்கள். நீளம் 2,285 மீட்டர். ஓடுபாதையை நீட்டும் பேச்சும் அதற்கான அண்டர்பாஸ் பேச்சும் மதுரைக்காரர்களுக்கு நன்றாகவே பழக்கம். ஆனால் விமானி கணக்குப் போடும்போது 'ரன்வே நீளம்' என்று ஒற்றை எண்ணை எடுப்பதில்லை.

எழும்புவதற்கு ஓடக் கிடைக்கும் தூரம் 'டோரா'. அதோடு ஓடுபாதை முனைக்கு அப்பால் தடையில்லாத 'கிளியர்வே' பகுதி இருந்தால் சேர்த்து 'டோடா'. டோராவோடு, நிற்பதற்கென்று ஒதுக்கிய 'ஸ்டாப்வே' இருந்தால் சேர்த்து 'அஸ்டா'. தரையிறங்கக் கிடைப்பது 'எல்டிஏ'. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் பழுதானால் நிற்பதா, எழும்புவதா? அந்த முடிவுக்கான வேகம் 'வி1'. நிறுத்துவதற்கான முதல் செயல் அந்த வேகத்தைத் தாண்டுவதற்குள் தொடங்கிவிட வேண்டும், அப்போதுதான் அஸ்டாவுக்குள் நிற்க முடியும்.

ஒரு ஜோடிச் சொல் எல்லோரையும் குழப்பும். விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் போனால் 'எக்ஸ்கர்ஷன்'. இருக்கக் கூடாத விமானமோ வாகனமோ ஆளோ ஓடுபாதைப் பகுதிக்குள் வந்தால் 'இன்கர்ஷன்'. நாய் ஓடி வந்தால்? ஐகாவோ வரையறையில் இருப்பது விமானம், வாகனம், ஆள் மட்டுமே. நாய் வந்தால் அது வனவிலங்கு–பறவை ஆபத்துக் கணக்கில் போகும்.

படி 6: எரிபொருளை அடுக்கடுக்காக எழுதுங்கள்

மதுரைக்கு வரும் விமானம் ஒன்றுக்கு மாற்று நிலையமாகத் திருச்சியைக் குறித்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். தரையில் ஊர்ந்து போக 'டாக்ஸி ஃபியூயல்'. மதுரை வர 'ட்ரிப் ஃபியூயல்'. எதிர்பாராததற்கு 'கண்டிஞ்சன்சி', பொதுவாக ட்ரிப்பில் 5 சதவீதம். மதுரையிலிருந்து திருச்சி போக 'ஆல்டர்னேட்'. எல்லாவற்றுக்கும் அடியில் 'ஃபைனல் ரிசர்வ்': நிலையத்துக்கு மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றப் போதுமானது. ஏடிஆரில் புரொப்பெல்லர் சுழன்றாலும் அதன் எஞ்சின் டர்பைன் வகை, ஆகவே 6-ஆம் இணைப்பின்படி 30 நிமிடம்தான். பிஸ்டன் எஞ்சினுக்கு 45.

இந்த ஃபைனல் ரிசர்வை வைத்துத்தான் இரண்டு அறிவிப்புகள். இனி பாதையில் ஏதாவது மாற்றம் சொன்னால் ரிசர்வுக்குக் கீழே போய்த் தரையிறங்க நேரிடலாம் என்ற நிலையில் விமானி 'மினிமம் ஃபியூயல்' என்பார். அது அவசரநிலை அல்ல, முன்னுரிமையும் கேட்கவில்லை, நிலைமையைத் தெரிவிக்கிறார், அவ்வளவே. பாதுகாப்பாக இறங்கக்கூடிய மிக அருகிலுள்ள நிலையத்தில் இறங்கினாலும் ரிசர்வைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும் என்று கணக்கு வந்தால் 'மேடே ஃபியூயல்'. அது அவசரநிலை. செய்திகளில் இரண்டையும் கலந்து எழுதுவதைப் பார்க்கிறேன். துறைக்குள் வருகிற நீங்கள் கலக்கக் கூடாது.

படி 7: ஆபத்து, இடர், அப்புறம் பழுதுப் பட்டியல்

ஓடுபாதைப் பக்கம் பறவைகள் கூடுவது 'ஹசார்ட்'. அது எஞ்சினுக்குள் போக எவ்வளவு வாய்ப்பு, போனால் எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பிடுவது 'ரிஸ்க்'. வாய்ப்பை 5 முதல் 1 வரையும், சேதத்தை ஏ முதல் இ வரையும் தரம் பிரிப்பார்கள். 5ஏ என்றால் மிக மோசம். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டுவதை 1937 விமான விதிகளின் 91-ஆம் விதி தடுப்பதும் இந்தப் பறவைகளுக்காகத்தான்.

கடைசியாக 'எம்இஎல்'. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல். விமானத் தயாரிப்பாளரின் மூலப்பட்டியலை வைத்து நிறுவனம் தயாரிக்கும், டிஜிசிஏ ஒப்புதல் தரும். மூலப்பட்டியலைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்கக் கூடாது. பழுதுகளை ஏ முதல் டி வரை வகை பிரித்து, சரிசெய்யக் கெடு வைத்திருப்பார்கள்: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. ஏ வகைக்கு அந்தந்த இடத்தில் எழுதியிருக்கும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 10-ஆம் தேதி காலை 9 மணிக்கு மதுரையில் பி வகைப் பழுது ஒன்றைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். கெடு 13-ஆம் தேதி காலை 9 மணிக்கா முடிகிறது? இல்லை. பதிவு செய்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 11, 12, 13 என்று மூன்று முழு நாள். 13-ஆம் தேதி முடிந்து நள்ளிரவு 12 அடிக்கும்போது கெடு தீர்கிறது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் அந்த விமானத்தைப் பயணிகளோடு அனுப்ப முடியாது.