வார்ப்பிரும்பைக் கடைவது எப்படி: குட்டி நீராவி எஞ்சினின் சிலிண்டரும் ஃபிளைவீலும்

நீராவி எஞ்சின் மாடல் செய்ய வார்ப்புகளை வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். படத்தில் பளபளத்த எஞ்சின் இங்கே சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, ஐந்தாறு கட்டிகளாகக் கிடக்கும். சில இடங்களில் மணல்கூட ஒட்டியிருக்கும். கவலை வேண்டாம், வார்ப்பிரும்பு கடைவதற்கு நல்ல உலோகம். அதன் தோலைத் தாண்டும் வரைதான் தொல்லை.

லேத்தில் பித்தளையோ மைல்ட் ஸ்டீலோ ஓரளவு கடைந்து பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 20 மி.மீ. துளையுள்ள சிலிண்டரையும் 75 மி.மீ. ஃபிளைவீலையும் வைத்துக்கொள்வோம்.

முதலில் உலோகத்தைப் பற்றி

சாம்பல் வார்ப்பிரும்பில் சுமார் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே சிதறிக் கிடக்கும். அதனால்தான் ஸ்டீலைப் போல நீளச் சுருள் வராமல் தூளாக உதிர்கிறது. கிராஃபைட்டே மசகாக வேலை செய்வதால் கட்டிங் ஆயில் தேவையில்லை. ஊற்றினால் கறுப்புச் சேறுதான் மிஞ்சும்.

மணல் அச்சில் ஊற்றிய இரும்பின் மேல்பரப்பு உள்பகுதியைவிடச் சீக்கிரம் குளிர்ந்து இறுகிவிடுகிறது. மணல் துகள்களும் அதில் பதிந்திருக்கும். என் முதல் சிலிண்டரில் பயந்து பயந்து 0.2 மி.மீ. கட் கொடுத்தேன். டூல் வெட்டவில்லை, கீச்சென்று உரசியது. மூன்று முறை சாணை பிடித்தும் அதே கதைதான். சுழல் வேகத்தைக் குறைத்து, துணிந்து 1 மி.மீ. ஆழம் கொடுத்ததும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. டூலின் முனை தோலுக்கு அடியில், மென்மையான இரும்பில் ஓட வேண்டும். முதல் கட்டில் கஞ்சத்தனம் காட்டினால் டூல்தான் போகும்.

அப்படியும் ஓரிடம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வெட்ட மறுத்தால், அங்கே இரும்பு சட்டென்று குளிர்ந்து, மிகக் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வார்ப்பைக் கரி நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க மெதுவாக ஆறவிட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும். கார்பைடு டூல் இருந்தால் தோலை எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு: ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் என்றால் 6000ஐ மி.மீ. விட்டத்தால் வகுங்கள். 20 மி.மீ. துளைக்கு 300 ஆர்பிஎம், 75 மி.மீ. ஃபிளைவீலுக்கு 80. தோல் எடுக்கும்போது அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சுத்தம் செய்து அளந்து பாருங்கள்

கம்பி பிரஷ்ஷால் மணலைத் தேய்த்து எடுங்கள். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறைப் பழைய அரத்தால் ராவிவிடுங்கள். புது அரத்தைத் தொடாதீர்கள், ஒரே நாளில் வீணாகிவிடும்.

அப்புறம் வரைபடத்தை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கடைய எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். வார்ப்புத் துளை நடுவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், ஒதுங்கியிருப்பது சகஜம். துளைக்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கமாக அடித்து, அதன் முகத்தில் உண்மையான மையத்தைக் குறியுங்கள். மையத்தை வெளிச்சுவரிலிருந்து கணக்கிடுங்கள், ஓட்டையிலிருந்து அல்ல. இல்லையென்றால் சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் தடித்து, மறுபக்கம் மெலிந்து நிற்கும்.

படி 2: சிலிண்டர் துளை

மற்ற எல்லா முகங்களும் இந்தத் துளையைப் பார்த்துத்தான் அமையப்போகின்றன. அதனால் இதில் அவசரமே கூடாது.

நான்கு தாடை சக்கில் வார்ப்பைப் பிடியுங்கள். தாடைகளுக்கும் வார்ப்புக்கும் நடுவே மெல்லிய செம்புத் தகடு வையுங்கள், சொரசொரப்பான பரப்பில் பிடி நழுவாது. மரக்கட்டையில் குறித்த புள்ளி ஆடாமல் சுழலும் வரை தாடைகளை மாற்றி மாற்றித் தள்ளுங்கள். முதல் முறை அரை மணி நேரம் ஆகலாம். பரவாயில்லை.

மரக்கட்டையை எடுத்துவிட்டு போரிங் பாரை (துளையின் உள்சுவரைக் கடையும், முனையில் டூல் உள்ள தண்டு) மாட்டுங்கள். இங்கே டிரில் போடும் ஆசை வரும், போடாதீர்கள். டிரில் கோணலான துளையைப் பின்தொடர்ந்து தானும் கோணலாகப் போகும். போரிங் பார் மட்டும்தான் துளையை நேர் செய்யும். துளைக்குள் நுழையும் அளவுக்குத் தடிமனான பாராக எடுத்து, தேவைக்கு மேல் வெளியே நீட்டாமல் பிடியுங்கள்.

இந்தத் தலைவலி புதிதல்ல. ஜேம்ஸ் வாட் தன் எஞ்சினுக்குச் சரியான உருளை வடிவச் சிலிண்டர் கிடைக்காமல் பல வருடம் தவித்தார். 1775ஆம் ஆண்டு வாக்கில் ஜான் வில்கின்சன், துளைக்கும் தண்டை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் எந்திரம் ஒன்றை அமைத்துக் கடைந்து கொடுத்தார். 50 அங்குலச் சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் மெச்சி எழுதினார். நம் 20 மி.மீ. துளைக்கு அந்த அளவு பிழை இருந்தால் நீராவி பிஸ்டனைச் சுற்றி நடந்தே போய்விடும்!

முதல் சில கட்டுகளில் டூல் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் காற்றில் போகும். துளை ஒதுங்கியிருப்பதால் அப்படி. முழுச் சுற்றும் வெட்டத் தொடங்கியதும் 0.5 மி.மீ. கட்டுகளாகப் போய், விட்டத்தில் 0.3 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்தி டூலைத் தீட்டுங்கள். கடைசிக் கட்டை ஆட்டோ ஃபீடில், நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். பின்பு ஆழத்தை மாற்றாமல் அதே கட்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். பார் வளைந்ததால் விட்டுப்போன மெல்லிய படலம் அதில் வந்துவிடும். துளை 20.05 ஆகிவிட்டாலும் கவலையில்லை, பிஸ்டனை அதற்கேற்பச் செய்துகொள்ளலாம். இரண்டு முனையிலும் ஒரே அளவு இருப்பதுதான் முக்கியம். எமரியால் பாலிஷ் செய்யாதீர்கள், அதன் துகள் இரும்பில் பதிந்து பிஸ்டனைத் தின்னும்.

வார்ப்பைச் சக்கிலிருந்து எடுக்காமலே எதிரில் தெரியும் முனையையும் ஃபேசிங் செய்துவிடுங்கள், அதாவது தட்டையாகக் கடைந்துவிடுங்கள். ஒரே பிடியில் கடைந்ததால் துளைக்கும் அந்த முகத்துக்கும் சரியாக 90 டிகிரி இருக்கும். இந்த முனையில் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள்.

படி 3: மறுமுனையும் வால்வு முகமும்

மறுமுனைக்கு, துளைக்குள் இறுக்கமாக நுழையும் மேண்ட்ரல் (பாகத்தைத் தாங்கிப் பிடிக்கும் உருளைத் தண்டு) ஒன்றைக் கடைந்து, அதைச் சக்கிலிருந்து எடுக்காமல் சிலிண்டரை அதன்மேல் ஏற்றி ஃபேசிங் செய்யுங்கள். மெல்லிய கட்டுகள் போதும்.

வால்வு உட்காரும் தட்டையான பக்கமான வால்வு முகம் துளைக்கு இணையாக இருக்க வேண்டும். ஃபேஸ் பிளேட்டில் (சக்குக்குப் பதிலாக மாட்டும் தட்டையான வட்டத் தகடு) ஆங்கிள் பிளேட்டை (எல் வடிவத் தாங்கி) பொருத்தி, அடையாளம் போட்ட முனை அதன்மேல் உட்காரும்படி, துளை வழியாக ஒரு போல்ட்டை விட்டு முடுக்குங்கள். வால்வு முகம் டெயில் ஸ்டாக்கைப் பார்க்கும். இப்போது ஃபேசிங் செய்தால் இணைத்தன்மை தானாக வரும். எடை ஒரு பக்கம் குவிவதால் எதிர்ப்பக்கம் ஓர் இரும்புத் துண்டை முடுக்கிச் சமன் செய்யுங்கள். சுவிட்சைத் தொடும் முன் ஃபேஸ் பிளேட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எதிலும் இடிக்கக் கூடாது.

நீராவி வழிகளைத் துளைக்கும்போதும் பக்கங்களை மில்லிங் செய்யும்போதும் ஒன்றை மறக்காதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, விளிம்பில் பொரிந்து உடையும். டூல் வெளியேறும் விளிம்பை முன்கூட்டியே அரத்தால் சற்றுச் சரித்துவிடுங்கள். டேப்பால் துளைக்குள் திருகு மரை வெட்டும்போது தூள் உள்ளே அடைத்துக்கொள்ளும், அடிக்கடி வெளியே எடுத்துத் தட்டுங்கள். எம்3 டேப்புக்கு 2.5 மி.மீ. துளை.

படி 4: ஃபிளைவீல்

தாடைகளை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரித்து ரிம்மின் உள்புறத்தைப் பிடியுங்கள். ஆரங்களின் மேல் அழுத்தம் போனால் உடையும். ரிம்மின் உள்விளிம்பு ஆடாமல் சுழலும்படி வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கம் கடையாமல் அப்படியே நிற்கும் என்பதால், எஞ்சின் ஓடும்போது ஆட்டம் கண்ணில் படுவது அங்கேதான்.

வெளி விட்டம், முன்முகம், நடுக்குமிழ், அச்சுத் துளை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடியுங்கள். துளையை போரிங் செய்து கடைசியாக ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) விடலாம். சக்கரம் மணிபோல் ஒலித்து டூல் நடுங்கினால் வேகத்தைக் குறைத்து ஃபீடைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின்முகத்துக்கு மறுபடியும் ஒரு மேண்ட்ரல்.

வேலை முடிந்ததும் லேத்

மணல் கலந்த இந்தத் தூள் லேத் பெட்டுக்கு எமன். தொடங்கும் முன்பே பெட்டின் மேல் செய்தித்தாள் விரித்துவிடுங்கள், சக்கில் சிக்காதபடி தள்ளி. கண்ணாடியும் முகமூடியும் அவசியம். காற்றடித்துச் சுத்தம் செய்தால் தூள் ஸ்லைடுகளுக்குள் போய் உட்காரும். பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்து ஒற்றி எடுத்தால் பையைத் திருப்பிக் கொட்டிவிடலாம். பின்பு துணியால் துடைத்து லேத்துக்கு எண்ணெய் இடுங்கள். கடைந்த பாகங்களுக்கும் அன்றைக்கே எண்ணெய் பூசுங்கள், கைவேர்வை பட்ட இடத்தில் மறுநாளே துரு தெரியும்.